காரமில்லாத ஆறு ஜாடிகள்

கோமி மரவெட்டுக் குடியிருப்பு,
14 ஆகஸ்ட் 1982

அன்புள்ள ஸ்லாதினா அக்காவுக்கு,

உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறேன். நீயும் பென்சோ மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? அங்கே வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே கோடை என்பதே கொசு வந்து போகும் காலம்தான். ரஷ்யக் கொசு நம் ஊர்க் கொசுவைப் போலப் பாடிவிட்டுக் கடிக்காது, சட்டைக்கு மேலேயே கடிக்கும்.

வேலையில் குறையில்லை. மரம் வெட்டுகிறோம், அடுக்குகிறோம், வெட்டியதை ஒருவர் வந்து அளக்கிறார். ஒப்பந்தம் வருகிற ஜூனில் முடிகிறது.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். என்னோடு மரம் வெட்டும் நம் கோல்யோ விடுமுறைக்கு ஊர் வருகிறான். செப்டம்பர் கடைசியில் திரும்பும்போது அவனிடம் உன் கை மிளகாய் விழுது, லியூதெனிட்சா, பத்து ஜாடி கொடுத்தனுப்பு. போன வருஷம் நாலுதானே என்பாய். இந்த வருஷம் பத்து வேண்டும். அதில் பாதிக்கு மேல் கார மிளகாய் துளியும் சேராமல் இருக்கட்டும். குடைமிளகாயைத் தோல் ஓர் இழைகூட ஒட்டாமல் உரித்து, தக்காளியை விதை போக வடிகட்டி, இயந்திரத்தில் இரண்டு தடவை அரைத்துவிடு. பூண்டையும் குறைத்துப் போடு. எனக்கு இப்போது வயிறு சரியில்லை, அதனால்தான்.

இங்கே எங்களுக்கென்று இருக்கும் நம் ஊர்ச் சாமான் கடைக்கும் ஜாடிகள் வருகின்றன. ஆனால் வந்த அன்றே தீர்ந்துவிடுகின்றன.

இருவர் கன்னத்திலும் முத்தத்துடன்,
ஸ்தாமென்


ப்லோவ்திவ் வட்டாரம், நம் வீடு,
19 செப்டம்பர் 1982

அன்புத் தம்பி ஸ்தாமெனுக்கு,

நாங்கள் நலம். மாமாவின் முழங்கால் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. அவ்வளவுதான் அதனால் பயன். உன் வயிறு இப்போது எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். முதல் தடவை அவர் நம்பவில்லை. பல் முளைத்த நாளிலிருந்து கார மிளகாயைக் கடித்துக்கொண்டு ரொட்டி தின்றவன் நீ. கல்யாண வீடுகளில் பந்தயம் கட்டித் தின்று சட்டைக் காலரை நனைத்தவன். சரி, கேட்டுவிட்டாய், செய்துவிட்டேன்.

சனிக்கிழமை தெரு முழுக்க மிளகாய் சுட்டோம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மின்சாரச் சுடுசட்டியைப் போட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். முற்பகலிலேயே ஃபியூஸ் போய்விட்டது. மின்வாரியத்துக்கு ஆள் அனுப்பினால் திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள். மாமா ஏணியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குப் போய்விட்டார், முழங்கால் வலி அந்த நேரம் எங்கே போனதோ. ஏணியைப் பிடிக்க நான் ஓட வேண்டியதாயிற்று. காரமில்லாததும் காரமானதுமாக உனக்கான இரண்டு கொப்பரையும் அப்போதுதான் பதத்துக்கு வந்திருந்தன. துடுப்பை இழுத்தால் அடி தெரிந்தது. நல்ல வேளையாகத் தஃபின்கா கூட இருந்தாள். ஜாடியில் ஊற்றி, மூடி போட்டு, அண்டாவில் வேகவைத்து எடுத்ததெல்லாம் அவள்தான்.

அதே கூட்டுறவுக் கடைத் தஃபின்காதான். செப்டம்பரில் இந்த ஊரில் மூடி கிடைப்பது என்ன பாடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் நாற்பது புது மூடிகளை மேலங்கிக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பெற்ற தாய்க்குக்கூட யாரும் அவ்வளவு தரமாட்டார்கள். போகும்போது நீ எப்போது வருவாய் என்று கேட்டாள். ஜூனில் என்றேன். அப்படியா என்றாள்.

ஆறு ஜாடி காரமில்லாதது, நாலு ஜாடி காரமானது. காரமானவற்றின் மூடியில் ஆணியால் பெருக்கல் குறி கீறியிருக்கும், நம் வீட்டு வழக்கப்படி. வயிறு தேறினால் அதைத் திறந்துகொள்.

அன்புடன்,
அக்கா ஸ்லாதினா


கோமி,
24 அக்டோபர் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், வயிறும் நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் மெழுகுவர்த்தி ஏற்ற இங்கே தேவாலயம் இல்லை, அதனால் மேஜைமேல் ஒன்று ஏற்றினேன். மின்சாரமும் போயிருந்தது என்பது வேறு விஷயம்.

கோல்யோ பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். ஜாடிகளைத் தன் கம்பளிக் கால்சட்டைகளுக்குள் சுருட்டி வைத்திருந்தான். நான்கு நாள் ரயிலில் ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் உன் கணக்கு உதைக்கிறதே. காரமில்லாதது ஆறு என்று எழுதியிருந்தாய், குறியில்லாத ஜாடி நாலுதான் இருக்கிறது. குறி போட்டவை ஆறு. தம்பியின் பழைய நாக்கை நினைத்துக்கொண்டு காரத்தைக் கூட்டிவிட்டாய்போல. பரவாயில்லை. இன்னும் ஒன்றையும் திறக்கவில்லை. நவம்பர் ஏழாம் தேதி இங்கே புரட்சி நாள், பெரிய திருநாள், எல்லோருக்கும் விடுமுறை. அன்றைக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

பனி விழ ஆரம்பித்துவிட்டது. மரம் அளக்கும் அம்மாவைப் பற்றி எழுதினேனா? கிளாவ்தியா என்று பெயர். கை விறைக்கும் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் எழுதுவார். பென்சில் நழுவுமாம். ஒரு விரற்கடை மரத்தைக்கூட எங்களுக்குச் சாதகமாகக் கூட்டி எழுதமாட்டார். ஆட்கள் திட்டுகிறார்கள். நான் திட்டுவதில்லை. நேற்று அவருக்கு அடுப்பு விறகு பிளந்து கொடுத்தேன், சும்மா, நேரம் இருந்தது.

மாமாவுக்கு முழங்காலில் தேய்க்க இங்கே கரடிக் கொழுப்பு கிடைக்கிறது. கோல்யோ நாற்றம் தாங்காது என்கிறான். வேண்டுமானால் எழுது.

முத்தத்துடன்,
ஸ்தாமென்


நம் வீடு,
10 நவம்பர் 1982

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கரடிக் கொழுப்பு வேண்டாம், மாமாவின் நாற்றமே வீட்டுக்குப் போதும்.

நான் அளந்துதான் காய்ச்சினேன், தஃபின்கா எண்ணித்தான் கட்டினாள். காரமில்லாதது ஆறு. கோல்யோ வழியில் ஏதோ மாற்றிவிட்டான் என்று நினைக்கிறேன்.

இனி நேரடியாகக் கேட்கிறேன், மழுப்பாதே. அப்பாவுக்கு வயிற்றுப் புண்ணே இருந்தது. அவர்கூடத் தோலோடு, விதையோடு, காரத்தோடுதான் தின்றார். தோல் இல்லாமல், விதை இல்லாமல், காரம் இல்லாமல், இரண்டு தடவை அரைத்து லியூதெனிட்சா கேட்பவர்கள் உலகத்தில் ஒரே வகைதான். அவர்கள் ரொட்டியில் பூசித் தின்றுவிட்டு மிச்சத்தைக் கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள். யார் அந்தக் குழந்தை? கையுறை கழற்றி எழுதும் அந்த அம்மாவுடையதா?

நான் கோபிக்கவில்லை. ஆனால் தெரியாமல் இருந்தால் கோபிப்பேன். தஃபின்காவிடம் நான் ஆகட்டும் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நாற்பது மூடியை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவள் கடைக்கு நான் உப்பு வாங்கக்கூடப் போக வேண்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் எழுது.

எதிர்பார்ப்புடன்,
அக்கா


நம் வீடு,
19 டிசம்பர் 1982

ஸ்தாமென்,

நலமா? நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோல்யோவின் மனைவியை வழியில் நிறுத்திக் கேட்டேன். நீ வேலைக்குப் போகிறாயாம், உடம்புக்கு ஒன்றுமில்லையாம், ஆனால் யாரிடமும் பேசுவதில்லையாம்.

நான் கேட்டது தப்பு என்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். நமக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய். அந்தப் பனிக்குள்ளேயே நீ தங்கிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதற்குத்தான் அத்தனை கேட்டேன்.

மாமா புத்தாண்டுக்குப் பன்றி அறுக்கிறார். உன் பங்குக்குத் தொத்திறைச்சி தொங்கும்.

அக்கா


கோமி,
9 ஜனவரி 1983

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றது நன்றாக இல்லை.

குழந்தையின் பெயர் அலெவ்தினா. ஆல்யா என்று கூப்பிடுவார்கள். ஒன்பது வயது. நீ நினைத்தது சரி, கிளாவ்தியாவின் மகள். அவள் அப்பா நாலு வருஷத்துக்கு முன்பு இன்னொருத்தியோடு வடக்கே போய்விட்டான். அன்றிலிருந்து ஆண்பிள்ளை யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தப் பெண் பேசமாட்டாள். என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம், "அந்த ஆளோட பூட்ஸ்ல பனி ஒட்டியிருக்கு, வெளியில தட்டிட்டு வரச் சொல்லு" என்பாள். அம்மா என்னைப் பார்ப்பார். நான் போய்த் தட்டிவிட்டு வருவேன். ஒரு வருஷம் இப்படித்தான் போயிற்று.

போன ஜூலையில் நம் ஊர்க் கடையில் ஒரு ஜாடி கிடைத்தது. ரொட்டியில் பூசி அவர்கள் வீட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தால் இரண்டு துண்டு காணோம். ஆல்யாவுக்கு முழங்கைவரை சிவப்பு. அம்மாவிடம், "இன்னும் இருக்கான்னு அந்த ஆளைக் கேளு" என்றாளாம். என்னைக் குறித்து அவள் கேட்ட முதல் கேள்வி அக்கா, அது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அதனால்தான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன், வயிறு என்று பொய் சொன்னேன்.

கிளாவ்தியாவிடம் நான் எல்லாம் கேட்டுவிட்டேன். ஜூனில் என்னோடு வந்துவிடுங்கள் என்றேன். "எனக்குச் சம்மதம். ஆனா அவ வேண்டாம்னா நான் வரமாட்டேன். ஒரு தடவை அவளைக் கேக்காம முடிவு எடுத்தவன் போய்ட்டான். நானும் அப்படிச் செய்யமாட்டேன்" என்றார். அவ்வளவுதான் என் வாழ்க்கை இப்போது, ஒன்பது வயசுக்காரியின் தலையசைப்பில் நிற்கிறது.

நவம்பர் ஏழாம் தேதி மேஜையெல்லாம் விரித்து, குறியில்லாத ஜாடியைத் திறந்து, நானே தடிமனாகப் பூசிக் கொடுத்தேன். ஆல்யா பெரிய கடியாகக் கடித்தாள். அப்புறம் நடந்ததை எழுத முடியவில்லை. முகம் சிவந்து, மூச்சுத் திணறி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாலைக் கொடுத்தால் துப்பினாள். நான் விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தேன். நம் வீட்டுக் காரம். எனக்கே காது அடைத்தது.

"உங்க ஊர்ல குழந்தைங்களுக்குக் கொள்ளியவா ஊட்டுவீங்க?" என்று கிளாவ்தியா கேட்டார். குழந்தை எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. மீதி ஜாடிகள் என் அறை ஜன்னலோரம் உறைந்து கிடக்கின்றன. நான் தொடவில்லை.

உன்னை ஒன்று கேட்கிறேன். தஃபின்காவுக்காக வேண்டுமென்றே செய்தாயா? இதைக் கேட்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன்.

ஸ்தாமென்


நம் வீடு,
30 ஜனவரி 1983

அன்புத் தம்பிக்கு,

மாமாவும் நானும் நன்றாக இருக்கிறோம். உன் கடைசிக் கேள்வியை வாசித்ததும் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். மாமா பிடுங்கிக்கொண்டார். அப்புறம் அழுதேன். அப்புறம் சால்வையைப் போர்த்திக்கொண்டு கூட்டுறவுக் கடைக்குப் போனேன்.

கடையில் ஆள் இருந்தது. இருக்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "தம்பி ஜாடி மூடியில பெருக்கல் குறி எதுக்குப் போட்ட?"

"காரமில்லாததுக்கு" என்றாள், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்ல அப்படித்தான். காரம்தான் எல்லாரும் தினமும் திங்கறது, அதுக்கு எதுக்குக் குறி? பிள்ளைங்களுக்கும் சீக்காளிக்கும் எடுத்து வைக்கிறதுக்குத்தான் குறி போடுவோம்."

யோசித்தால் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் வழக்கம்தான் எல்லோர் வழக்கமும் என்று நினைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஏணி பிடிக்க ஓடியது நான். நம் வீட்டுக்கான கொப்பரையை அடுத்த வாரம் நானே மூடியதால் இதுவரை எனக்குத் தெரியவில்லை. உனக்கு வந்த கணக்கும் இப்போது சரியாகிறது பார். குறி போட்ட ஆறும் காரமில்லாதவை. ஜன்னலோரம் உறைந்து கிடப்பவற்றில் அவையும் இருக்கின்றன, நீ தொடாத அந்த ஆறு.

சொல்லவா வேண்டாமா என்று நின்றேன். பிறகு தஃபின்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், குழந்தையையும் சேர்த்து. அவள் ஒருவருக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைக் கட்டி முடித்தாள். அந்த ஆள் போனபிறகு, "குழந்தைக்கு இப்ப தொண்டை சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். சரியாகிவிட்டது என்றேன். "அப்ப என் மூடியக் குடு" என்றாள்.

மூடியெல்லாம் ஜாடியில் இருக்கிறதே என்றேன். அதற்கென்ன, ஜாடியோடு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். சாயங்காலம் தள்ளுவண்டியோடு வந்து நிலவறையிலிருந்து ஒரு வண்டி லியூதெனிட்சாவை ஏற்றிக்கொண்டு போனாள். மாமா வாசலில் நின்று ஒவ்வொரு ஜாடிக்கும் பெருமூச்சு விட்டார். ஆனால் போகிறபோது சிரித்துக்கொண்டுதான் போனாள். நேற்று உப்பு வாங்கப் போனேன், கூடவே ஈஸ்ட்டும் எடுத்துக் கொடுத்தாள், கேட்காமலே. உன்னை நினைத்து அவள் இளைக்கவில்லை, பயப்படாதே.

நான் வேண்டுமென்றே செய்யவில்லை. தஃபின்காவை உனக்குக் கட்டிவைக்க ஆசைப்பட்டேன், அது உண்மை. பக்கத்துத் தெருப் பெண் என்றால் நீ எங்கும் போகமாட்டாய் என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன், நீ யாரோடு வந்தாலும் வா. மேல் அறைக்கு மாமா சுண்ணாம்பு அடிக்கப் போகிறார். ஒரு ஆள் படுக்கிற கட்டிலை மூன்று பேருக்கு எப்படிப் போதவைப்பது என்று இப்போதே அளந்துகொண்டிருக்கிறார்.

போ, கதவைத் தட்டு.

அக்கா


கோமி,
27 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நலமாக இருக்கிறேன், நாக்கு மட்டும் இல்லை. நீங்கள் நலமா? உன்னைச் சந்தேகப்பட்டதற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்தைய ஞாயிறே நான் கதவைத் தட்டிவிட்டேன். இனிமேலும் பொறுக்க முடியவில்லை. கிளாவ்தியா திறந்தார், போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஆல்யா மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, குறியில்லாத இன்னொரு ஜாடியைத் திறந்து வைத்தேன். ரொட்டி இல்லை, தயிர் இல்லை, ஒரு கரண்டி மட்டும். "உன்னைச் சாப்பிட வெச்சது இதுதான். இப்ப நான் சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுத் தின்ன ஆரம்பித்தேன்.

அக்கா, கல்யாணப் பந்தயமெல்லாம் இருபது வயதில். நாற்பதில் அது வேறு. நாலாவது கரண்டியில் கண்ணீர் வந்தது. பிறகு மூக்கு. பிறகு விக்கல். ஆல்யா தாளிலிருந்து பென்சிலை எடுக்காமல் அம்மாவிடம், "அந்த ஆளு ஏன் அழுறான்னு கேளு" என்றாள். "நீயே கேளு" என்றார் கிளாவ்தியா. அவள் கேட்கவில்லை. நான் தின்றேன். சட்டைக் காலர் நனைந்தது. பாதி ஜாடி போயிருக்கும். ஆல்யா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணைப் பார்த்து, "போதும், நிறுத்து. செத்துப் போயிடுவ" என்றாள்.

என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நிறுத்திவிட்டேன். எழுந்து போய்ப் பால் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். குடிக்கும்போது விக்கல் வந்து பால் மூக்கில் ஏறிவிட்டது. அதற்குச் சிரித்தாள் பார், ஒரு வருஷத்துச் சிரிப்பைச் சேர்த்து வைத்திருந்தவள்போல. கிளாவ்தியா திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. குறி போட்ட ஜாடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆல்யா ஏமாறுகிறவள் இல்லை. "முதல்ல நீ" என்றாள். ஒரு கரண்டி தின்றேன். என் மூக்கையும் கண்ணையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம்தான் விரல் நுனியால் தொட்டாள். மூன்று துண்டு தின்றாள், அக்கா.

இப்போது என்னிடம் நேரடியாகவே பேசுகிறாள். பெரும்பாலும் குறை சொல்கிறாள். ஆனால் வருகிறாயா என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறாள். கிளாவ்தியாவும் வற்புறுத்தமாட்டார். ரயில் சீட்டுக்கு ஏப்ரல் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் நான் இங்கேயே இன்னொரு ஒப்பந்தம் போட்டுவிடுவேன். இதை உன்னிடம் மறைக்கவில்லை.

அன்புடன்,
ஸ்தாமென்


நம் வீடு,
20 மார்ச் 1983

அன்புள்ள ஆல்யாவுக்கு,

நீயும் உன் அம்மாவும் நலமா? என் பெயர் ஸ்லாதினா, ஸ்தாமெனின் அக்கா. உங்கள் எழுத்தும் எங்கள் எழுத்தும் ஒன்றுதான். நீ வாசிக்கும்படி பெரிதாக எழுதுகிறேன். புரியாத சொல் இருந்தால் அம்மாவிடம் கேள். ஸ்தாமெனிடம் கேட்காதே, அவன் தனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவான்.

உனக்குக் காரமான ஜாடி வந்தது என் கவனக்குறைவு. அவன் தப்பு இல்லை. உன் தொண்டைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி அவன் உனக்கு நல்லதாக மட்டும் சொல்லியிருப்பான். நான் மற்றதைச் சொல்கிறேன். இங்கே காடு கிடையாது. ஆகஸ்டில் நாய்கூட நிழலை விட்டு வராது. பனி வந்தாலும் சறுக்கி விளையாடும் அளவுக்கு நிற்காது. பள்ளிக்கூடத்தில் முதல் மாதம் உன் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மாமா தூக்கத்தில் குறட்டை விடுவார், மேல் அறைக்கும் கேட்கும். நானும் கண்டிப்பானவள், செருப்போடு சமையலறைக்குள் வந்தால் சத்தம் போடுவேன்.

இப்போது உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். ஸ்தாமென் எனக்கு ஒரே தம்பி. நீ வரமாட்டேன் என்றால் அவனும் வரமாட்டான், உங்கள் வாசலில் விறகு பிளந்துகொண்டே கிழவனாகிவிடுவான். எனக்கு அதில் வருத்தம் இருக்கும். ஆனால் அதற்காக நீ ஆம் என்று சொல்லாதே. என் வருத்தத்தைச் சுமப்பது ஒன்பது வயதுப் பெண்ணின் வேலை இல்லை. உனக்கு அவனைப் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. பிடித்திருந்தால் அதையும் சொல்லிவிடு, ஏனென்றால் அவனுக்குத் தானாகப் புரியாது. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான்.

மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. உனக்கென்று தனிக் கட்டில் போட்டிருக்கிறோம். நீ வராவிட்டாலும் கட்டில் இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை.

அன்புடன்,
ஸ்லாதினா


கோமி,
17 ஏப்ரல் 1983

ஸ்லாதினா அத்தைக்கு,

நான் நலம். அம்மா நலம். உங்கள் கணவரின் முழங்கால் நலமா? கடிதம் எழுதினால் இப்படிக் கேட்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார்.

எனக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை. தபால்காரர் என் முழுப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டு லூசியா பார்த்தாள். நீங்கள் எழுதியதில் நாலு சொல் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா இரண்டு சொன்னாள், இரண்டை வாசித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அர்த்தம் சொல்லவில்லை.

தொண்டை சரியாகிவிட்டது. இப்போது காரமான ஜாடியிலிருந்தும் கத்தி நுனியால் கொஞ்சம் எடுத்துத் தின்கிறேன். லூசியாவால் முடியவில்லை, அழுதுவிட்டாள். நான் அழவில்லை.

காடு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் காடு பிடிக்காது, அதில் எல்லோரும் வேலைக்குத்தான் போகிறார்கள். குறட்டை பழக்கம்தான், இங்கே சுவர் பலகை, பக்கத்து வீட்டுக்காரர் விடுவது கேட்கும். பிள்ளைகள் சிரித்தால் நானும் அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பேன். கட்டிலை ஜன்னலோரமாகப் போடச் சொல்லுங்கள். என் பூனை குஸ்யாவும் வருவாள், அவளை விட்டுவிட்டு வர முடியாது, அவளுக்கு வேறு யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் இருந்தவர் போகும்போது என்னிடம் சொல்லாமல் போனார். நான் பாலர் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் கோட் மாட்டும் இடம் காலியாக இருந்தது. ஸ்தாமென் ஒவ்வொரு தடவை போகும்போதும் என் அறை வாசலில் நின்று, போகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். நான் பேசாத காலத்திலும் கதவுக்கு வெளியே நின்று சொல்வார். எனக்குக் கேட்கும். மறுநாள் வந்தும்விடுவார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தை அவர்தான் தபாலில் போடப் போகிறார். அதனால் கவரை நன்றாக ஒட்டிவிட்டேன். என்ன எழுதுகிறாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார், இப்போதும் கதவுக்குப் பக்கத்தில் பூட்ஸைக் கழற்றுவதுபோல் நிற்கிறார். கழற்றி ரொம்ப நேரம் ஆகிவிட்டது.

நாங்கள் வருகிறோம். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் இதை வாசிக்கும்போது அவருக்கும் தெரிந்திருக்கும். ஏனென்றால் இன்று ராத்திரி சாப்பிடும்போது, அப்பா, உப்பை எடு என்று கேட்கப் போகிறேன்.

அலெவ்தினா